விரிந்த கண்ணோடு போன நேர்காணல்

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் சித்திக்கும் தங்கைக்கும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவில் இருப்பதையும், ஒரு வரி இன்னொரு வரியின் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, பெண் குடித்துவிட்டு எழுதுகிறாள் என்று சித்தி சொல்லக்கூடும். அதெல்லாம் இல்லை. நான் என்ன எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். காரணம் கீழே.

முதலில் செய்தி: உதவித்தொகை போய்விட்டது. கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் வசதியில்லாத மாணவர்களுக்கு ஓர் அறக்கட்டளை கொடுக்கிறது, அது கிடைத்தால்தான் மூன்றாம் ஆண்டில் காலை வைக்க முடியும் என்று போனில் சொன்னேனே, அதுதான். ஆகவே நீங்கள் லிஃப்ட் பழுது பார்க்கும் பதினான்கு மாடிக் கட்டடத்தில் எனக்காகப் பேசி வைத்திருக்கும் பட்டன் அமுக்கும் வேலையை யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போகிறவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு நாம் மட்டும் திரும்பக் கீழே வந்து நிற்கிற வேலை. நம் குடும்பத்துக்குப் பழக்கப்பட்டதுதான்.

நடந்தது இதுதான் சித்தப்பா. நோயாளியைத் தொடும் முன் நாங்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பழக வேண்டும். முறை வைத்து ஒருநாள் நான் நோயாளி, மறுநாள் என் ஜோடி நோயாளி. கண்ணின் பாவையை விரிய வைக்கும் சொட்டு மருந்தை விட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது, வெளிச்சம் ஊசி போலக் குத்தும், கண்ணில் நீர் கொட்டும். அதனால் ஒரு கண்ணில் மட்டும் விட வேண்டும் என்பது விதி. இன்றைக்கு நோயாளி நான். என் ஜோடியை வகுப்பில் ஒல்லி என்று கூப்பிடுவோம். ரொம்ப இரக்கமுள்ள பெண். இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டாள்.

"ஏன்டி ரெண்டுலயும் விட்ட?"

"ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசுன்னு இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்? நாளைக்கு உனக்கு இன்டர்வியூ வேற."

நாளைக்குத்தான் என்று நானும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கதவு திறந்தது. அலுவலகத்துக் குமாஸ்தாவின் குரல். "இன்னைக்கு வர வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சலாம். அடுத்தது நீதான், கிளம்பு." மருந்து விட்டிருக்கிறது சார், கண் தெரியவில்லை என்றேன். "கண்ணு தெரியாமத்தான் பாதிப் பேர் இங்க வேலையே பாக்குறாங்க. வரியா, பேரை அடிச்சிரவா?"

சித்தப்பா, அந்த நடைவழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தினமும் நடக்கிற வழிதான். ஈரத் துணியும் பினாயிலும் நாறுகிற வழி. இன்றைக்கு அது பால் ஊற்றிய ஆறு மாதிரி இருந்தது. குழல் விளக்குகள் எல்லாம் கூரையிலிருந்து கழன்று மிதந்தன. எதிரே வந்தவர்களுக்கு முகம் இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம் மட்டும் இருந்தது. ஒரு சான்றிதழுக்காக என்னை ஒன்பது தடவை அலையவிட்ட அந்தக் குமாஸ்தாகூட ஒரு மகானைப் போல முன்னால் நடந்துகொண்டிருந்தார். இப்படியே எல்லோரும் தெரிந்தால் யார் மேலும் கோபமே வராதே என்று தோன்றியது. உலகத்தில் பாதி அநியாயம் இப்படித்தான் தப்பிக்கிறது போல.

அறைக்குள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வைத்தார்கள். ஜன்னல் முழுக்க வெயில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று மேகங்கள். நடுவில் வெள்ளைச் சட்டை மேகம், அதுதான் தலைவர். வலது பக்கம் ஒரு அம்மா. இடது பக்கம் இருந்தது கடைசிவரை இருமியது. என் விண்ணப்பத்தை நீங்கள் பார்க்கவில்லை. வீட்டுக் கூரையின் புகைப்படம் கேட்டார்கள், ஒரே அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று கேட்டார்கள், அப்புறம் 'எனது வறுமை' என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் 'எனது பொழுதுபோக்கு' என்று எழுதுவோமே, அந்த மாதிரி. தலைவர் அதைக் கையில் எடுத்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், இன்னும் தள்ளிப் பிடித்தார், அப்புறம் என்னிடம் நீட்டி, "நீயே படிச்சுக் காட்டும்மா" என்றார். நான் எழுந்து ஒரு ஓரத்தைப் பிடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. நான் என் பக்கம் இழுக்க அவர் மறு ஓரத்தை விடாமல் பிடிக்க, இரண்டு பேரும் போர்வை பிழிகிற மாதிரி நின்றோம்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. படித்த படிப்பு சும்மா இருக்குமா? "சார், நீங்க கிட்டத்துல படிக்கக் கண்ணாடி போடணும்" என்றேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. கைதான் பத்தல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். "அப்ப மத்தவங்க எழுதினதை எல்லாம் எப்படி சார் படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் படிக்கணும்னு இல்லம்மா. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும், யாருக்குக் கஷ்டம்னு."

வந்ததே எனக்குக் கோபம். முகத்தில் தெரியுமாம். அப்போது வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, குழாயைத் திறந்த மாதிரி நீர் கொட்டியது. "அழாதம்மா" என்றார் அந்த அம்மா. நான் அழவில்லை, மருந்து என்றேன். "புரியுதும்மா, புரியுது" என்று ஒரு கைக்குட்டை நீண்டு வந்தது. இருமல்கூட ஒரு நிமிஷம் நின்றது. நான் மறுக்க மறுக்க அவர்கள் உருக உருக, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ராத்திரி முழிச்சு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன், அதைப் படிங்க. கண்ணு படிப்புக்குப் பணம் குடுக்குற இடத்துல ஒரு கண்ணாடி கூடவா இல்ல?" என்று கத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக வெளியே போனேன்.

அது வெளியே இல்லை. துடைப்பம் வைக்கிற அலமாரி அறை.

திரும்பி வர மானம் இடம் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த இருட்டு கண்ணுக்கு அவ்வளவு இதம். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்படியே மனக்கண்ணில் உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் தெரிந்தது. லிஃப்ட் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை, எழுத்துப் பலகை, லென்ஸ் பெட்டி. பதினான்கு மாடி ஆட்களும் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வருகிறார்கள். கூட்டுகிறவர், காவலாளி, எல்லோருக்கும் ஒரே வரிசை. கடைசியில் கிரீஸ் கையோடு நீங்கள். போன மாதம் ஏழாம் மாடிப் பட்டனை அமுக்கினால் மூன்றில் நிற்கிறது என்று உங்களைத் திட்டினார்களே, அது வயரில் இருக்கிற பொடி நம்பர் உங்களுக்குத் தெரியாததால்தான் சித்தப்பா. எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு லென்ஸைப் போட்டேன். நீங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு, "அட, இவ்வளவு சின்னதா எழுதுவாங்களா!" என்றீர்கள். அந்தத் தலைவருக்கும் உங்களுக்கும் ஒரே கோளாறுதான். உங்களுக்குத் தெரியாவிட்டால் திட்டு விழுகிறது. அவருக்குத் தெரியாவிட்டால் எங்கள் தலையெழுத்து மாறுகிறது.

அப்புறம் குமாஸ்தா வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். ஆக, கதை முடிந்தது. படிப்பை விடுவதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய், ஆனால் அழுது வாங்கவில்லை என்ற ஒரு நிமிர்வு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பட்டன் அமுக்குவேன். சித்திக்கு என் வணக்கம். தங்கைக்கு முத்தம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தொட்டால் வேறு யார் காலையாவது தொட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பின்குறிப்பு: கண் தெளிந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் இன்றைக்குப் போனவர்களின் முடிவை ஒட்டினார்கள். எனக்குக் கிடைத்துவிட்டது, மீதி இரண்டு வருஷத்துக்கும் முழுசாக. பக்கத்தில் தலைவர் கைப்பட, கொட்டை எழுத்தில் குறிப்பு: 'மாணவி ஆரம்பம் முதல் கடைசிவரை கண்ணீர் விட்டார். வறுமையில் ஐயமில்லை.' போய்ச் சண்டை போடலாம் என்று படியேறினேன் சித்தப்பா, பாதிப் படியில் மூன்றாம் ஆண்டு ஞாபகம் வந்தது, இறங்கிவிட்டேன். லிஃப்ட் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவசரம், வகுப்பில் கூப்பிடுகிறார்கள்: நாளைக்கு நேர்காணல் இருக்கிற ஏழு பேரும், எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று கேட்டுக்கொண்டு ஒல்லி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.