பல் டாக்டர் தொட்டிக்குப் போட்ட ஓட்டை

"டாக்டர், ஓடி வாங்க! வாளிக்குள்ள கல்லு பூ விடுது!"

நர்ஸ் இப்படிக் கத்தியபோது பல் டாக்டர் ஒரு பிளம்பரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக மரத்துப்போகும் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். "அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

மச்சினன் காலையில் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய வாளி அது. உள்ளே கடல் தண்ணீர், தேங்காய் அளவில் ஒரு கல். மூடியில் ஒட்டியிருந்த சீட்டில், 'முதலில் இந்தக் கல்லை வையுங்கள் மாமா, ஆறு மணிக்கு வருகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். கல்லின் உச்சியிலிருந்து ஒரு தண்டு எழும்பி, நூல் நூலாக நூறு விரல்களை விரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஊடுருவிய ஒளிகூடத் தெரிந்தது. ஒரு விரல் மடங்கி, எதையோ பிடித்து, நடுவிலிருந்த வாய்க்குள் வைத்துக்கொண்டது.

"அம்மாடி!" என்றார் டாக்டர். "சாப்பிடுதும்மா! பல்லே இல்லாம சாப்பிடுது!"

இருபது வருஷமாக வாயை மட்டுமே பார்த்து வந்த மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பினால் நம்புங்கள்.

மச்சினன் வீட்டுக் கூடத்திலேயே தொட்டி வைத்துக் கடலுயிர்களை வளர்க்கிறவன். ஒரு துண்டு பவளம் கொடு என்று கேட்டுக் கேட்டு டாக்டருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "சாதாரணத் தொட்டியில தண்ணி மேல ஆடை படியும் மாமா, உயிருங்களுக்கு மூச்சு முட்டும். பின்கண்ணாடியில மேல் ஓரமா ஓட்டை போட்டு ஓவர்ஃப்ளோ வைங்க. மேல்தண்ணி வழிஞ்சு கீழ் பெட்டிக்குப் போய், சுத்தமாகி, மோட்டார்ல திரும்ப மேல வரணும். அதுவரைக்கும் பவளப் பேச்சே எடுக்காதீங்க."

கண்ணாடி அறுக்கும் வட்ட பிளேடு, குழாய், மோட்டார் எல்லாம் ஒரு மாதமாகக் கிளினிக் அலமாரியில் தூங்கின. தொட்டி, கீழ் பெட்டி, டிரம்மில் உப்புத் தண்ணீர்கூடத் தயார். ஓட்டை போடத்தான் தைரியம் வரவில்லை.

"திருட்டுப் பய, சொல்லாம கொள்ளாமப் பவளத்தையே அனுப்பிட்டானே!" என்றார் டாக்டர். "ஆறு மணிக்குள்ள இதுக்கு வீடு தயாராகணும். இது செத்துப்போச்சுன்னா நான் அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"பேஷன்ட்டுங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க? வெளிய ஏழு பேர்" என்றாள் நர்ஸ்.

"ஒரு ஓட்டைதானே? தினமும் பத்து போடுறேன்!"

பிளம்பர் நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டார். அவர் இடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, பின்கண்ணாடி மேலே பார்க்கும்படி படுத்தது. நர்ஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட, டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாமல், அவசரப்படாமல் அறுத்தார். கால் மணி நேரம். 'டக்' என்று ஒரு வட்டச் சில்லு விழுந்தது. ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். பிளம்பருக்குப் பாதி வாய்தான் பிளந்தது.

"கை இல்ல சார் இது, தங்கம்!" என்றார் அவர், மரத்துப்போகாத பக்கமாக.

தொட்டியை நிமிர்த்தி வைத்தார்கள். ஓட்டை அடியில் இருந்தது.

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மேல்தாடை கீழேயும் கீழ்த்தாடை மேலேயும் தெரியும். அதை மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டே இருபது வருஷம் ஓட்டியவர், அன்றைக்குத் தொட்டியையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுவிட்டார்.

"போச்சு! ரெண்டு விரக்கடை தண்ணிகூட நிக்காதே" என்று தலையில் கை வைத்தார்.

"ஏன் சார் பதறுறீங்க?" என்றார் பிளம்பர். "ஓட்டையில வளைஞ்ச எல்போ குழாய் போட்டு, உள்ள ஒரு பைப்பை மேல வரைக்கும் நிறுத்திடுவோம். தண்ணி பைப் வாய் வரைக்கும் ஏறி, அதுல விழுந்து கீழ போயிடும்."

"நீங்க கடவுள்!"

"முதல்ல என் பல்லைப் புடுங்குங்க."

"இதோ, இதை முடிச்சிட்டு."

காத்திருப்பு அறையில் மேசை மேல் தொட்டி ஏறியது, அடியில் பெட்டி. ஓட்டையைச் சுற்றிக் கசிந்தது. டாக்டர் பல் அச்சு எடுக்கும் பசையைக் குழைத்து அப்பினார். கசிவு நின்றது. மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் ஏறி, பைப்பின் வாயைத் தொட்டு, உள்ளே இறங்கியது.

அப்போது ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! களக், களக், கர்ர்ர்! யாரையோ தொண்டையைப் பிடித்து அமுக்குவதுபோல.

"உள்ள யாருக்கு என்ன பண்றீங்க?" என்று, பெஞ்சின் கோடியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். வாசலுக்கு வெளியே நின்ற இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள்.

"பைப்புக்கு மூடி போட்டு, அதுல காத்துக்கு ஓட்டை வைங்க சார்" என்றார் பிளம்பர். பக்கவாட்டில் தண்ணீர் போக வழி வெட்டி, மூடி மாட்டி, அதில் ஒரு ஓட்டை போட்டார்கள். ஓட்டை பெரிதாகிவிட்டது. இப்போது அது விசிலடித்தது.

வாசலில் நின்ற இரண்டு பேரும் போயே போய்விட்டார்கள்.

"நிறுத்துங்க அதை!" என்று நர்ஸ் காதைப் பொத்தினாள். டாக்டர் மோட்டாரை நிறுத்தினார். ஓடாத மோட்டாரின் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் தானாகவே கீழே இறங்க ஆரம்பித்தது. பெட்டி நிரம்பியது, வழிந்தது, தரையெல்லாம் கடல். காத்திருந்த ஐந்து பேரும் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார்கள்.

நர்ஸ் துடைப்பானோடு பாய்ந்த வேகத்தில் வாளியை இடித்தாள். கல் உருண்டது. நூறு விரலும் சுருங்கி, தண்டு கல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"கொன்னுட்டோம்" என்றார் டாக்டர். ஈரத்தரையில் அப்படியே முட்டி போட்டுவிட்டார். "ஐயோ, கொன்னுட்டோம்மா!"

கண்ணாடிக்கார அம்மாள்தான் மெதுவாக, "அது பயந்திருக்குங்க. அமைதியா ஒரு இடம் கொடுங்க, வெளிய வரும்" என்றாள்.

பிளம்பர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். ஊசியின் மரப்பு இறங்கிவிட்டது, வலி ஏறிக்கொண்டிருந்தது. "சார், மேல வர்ற குழாயில, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, ஒரு பொட்டு ஓட்டை. மட்டம் இறங்கினதும் காத்து புகுந்து இழுக்கிறது நின்னுடும். மூடிக்கும் புதுசா அதே மாதிரி பொட்டு ஓட்டைதான். என் டிரில்லுல அவ்வளவு சின்னது வராது."

டாக்டர் எழுந்தார். பல் துளைக்கும் கருவியை எடுத்து வந்தார். புது மூடி, குழாய். கடுகு நுழையாத இரண்டு ஓட்டைகள்.

டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, மோட்டாரைப் போட்டார்கள்.

சத்தமே இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு லேசாக நடுங்கி, பைப்பின் பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. நிறுத்திப் பார்த்தார்கள், ஓர் அங்குலம் இறங்கி நின்றது. மறுபடி போட்டார்கள். டாக்டர் இரண்டு கையாலும் கல்லை ஏந்தி உள்ளே இறக்கினார்.

மணி ஐந்தே முக்கால். எல்லோரும் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார்கள்.

கல்லின் உச்சியில் ஒரு புள்ளி. புள்ளி தண்டாயிற்று. ஒரு விரல், இரண்டு, பத்து. பிறகு எண்ண முடியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அது விரிந்து, ஓட்டத்தோடு சேர்ந்து ஆடியது.

"அடேயப்பா!" என்று கண்ணாடிக்கார அம்மாள் கை கூப்பிவிட்டாள். பிளம்பர் கன்னத்திலிருந்து கையை எடுத்திருந்தார். வலி எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்புத் தண்ணி தெறிச்சிடுச்சு" என்றாள். இப்படி ஓர் உயிரை உலகத்தில் வைத்தவன் யாரோ, அவனுக்கு எத்தனை பொறுமை என்று டாக்டருக்கு நெஞ்சு விம்மியது.

கதவு திறந்தது. மச்சினன் கையில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான்.

"பார்த்தியா மாப்ளே!" டாக்டர் அவனைத் தோளோடு அணைத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். "காலையிலேருந்து உயிரைக் கொடுத்துக் காப்பாத்தினோம். நீ அனுப்பின பவளம்!"

மச்சினன் கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவு குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"பவளம் இந்த டப்பாவுல இருக்கு மாமா. தொட்டியில நிக்கிறது களை. வெந்நீர் ஊத்தினேன், எலுமிச்சைச் சாறு ஊசி போட்டேன், மூணு வருஷமா என்ன செஞ்சாலும் சாகாம என் பவளத்தையெல்லாம் சாகடிச்சுது; இன்னிக்குத்தான் ஒழிஞ்சதுன்னு நம்பி அந்தக் கல்லை உங்களுக்கு அனுப்பினேன்!"