முள்ளியரின் வம்ச வரலாறு

ஒரு காட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஆறு வறண்டது, சுனைகள் வறண்டன. மிஞ்சியது முள்ளிக்குட்டை ஒன்றுதான். கரையெல்லாம் நீர்முள்ளிச் செடி மண்டிக் கிடந்ததால் அந்தப் பெயர்.

எல்லா மிருகங்களும் ஒன்றாக இறங்கினால் சேறுதான் மிஞ்சும் என்று யானை ராஜா பயந்தார். வரிசை வேண்டும். யார் முன்னால், யார் பின்னால்? பெனாயா என்ற நரி வழி சொன்னான்.

"மகாராஜா, நாம எல்லாரும் நோவாவோட பேழையிலிருந்து இறங்கினவங்க. பேழையில மூணு தட்டு. மேல்தட்டுல அவரோட மகன் சேமோட வந்தவங்க காலையில குடிக்கட்டும். நடுத்தட்டுல இன்னொரு மகன் யாப்பேத்தோட வந்தவங்க மத்தியானம். கீழ்த்தட்டுல மூணாவது மகன் காமோட வந்தவங்க, மிச்சம் இருந்தா, சாயங்காலம்."

"யார் எந்தத் தட்டுன்னு எப்படித் தெரியும்?"

"படிவம் போட்டாத் தெரிஞ்சிடும்."

மறுநாளே வம்சாவளி அலுவலகம் திறந்தது. பெனாயாவே அதிகாரி. முதல் வேலையாகத் தன்னை மேல்தட்டில் பதிந்துகொண்டான்.

தெபோராள் என்ற முள்ளம்பன்றிக்கு இரண்டு குட்டிகள். தகப்பனைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. குட்டிகளைப் பக்கத்து வளை வெள்ளை முயல் லேயாளிடம் விட்டுவிட்டு அவள் மூன்று நாள் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் காட்டெருது ஏலோன்.

"நான் யாப்பேத்தோட மகன் மாதாயோட மரபு. மாதாய், மாடு. ஒரே வேர்ச்சொல். மேதியர்னு ஒரு ராஜ்யமே இருந்துதே, அவங்க எங்க பங்காளிங்க" என்றான்.

"அதான் அந்தக் கம்பீரம்" என்று பெனாயா முத்திரை குத்தினான். பிறகு தெபோராளைப் பார்த்து, "அப்பா வழியில பத்துத் தலைமுறை சொல்லு" என்றான்.

"அப்பா வழி தெரியாது சார். எங்கம்மாவைத் தெரியும். எங்கம்மாவைப் பெற்றவளைத் தெரியும்."

"பெற்றாள் எல்லாம் செல்லாது. இன்னான் இன்னானைப் பெற்றான்னுதான் படிவத்துல இருக்கு."

"வலியெடுத்துப் பெற்றது அவங்கதானே சார்?"

"ஆதியிலேர்ந்து ஆம்பளைங்கதான் பெற்றுக்கிட்டு வர்றாங்க. அடுத்தது!"

வளைக்குத் திரும்பினால், லேயாள் எங்கோ தோண்டியெடுத்த கிழங்கை மென்று, அந்தச் சாற்றைக் குட்டிகளின் வாயில் சொட்டிக்கொண்டிருந்தாள். தனக்கென்று அவள் எதுவும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தெபோராள் ஒரு மரப்பட்டையை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் அதை அலுவலகத்தில் உரக்க வாசித்தாள். "முள்ளியான் முள்ளப்பனைப் பெற்றான். முள்ளப்பன் முள்ளேசரைப் பெற்றான். முள்ளேசர் எழுநூறு வருஷம் உயிரோடிருந்து, குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான்..."

கேள்விப்பட்டதே இல்லையே என்று சொல்ல வாயெடுத்த பெனாயா, வரிசை முழுவதும் தன்னையே பார்ப்பதைக் கண்டான். வம்சாவளி அதிகாரிக்குத் தெரியாத இனம் இருக்கலாமா?

"முள்ளியர்! ரொம்பப் பழையவங்க ஆச்சே" என்றான்.

"இந்தக் குட்டையை வெட்டினதே அவங்கதான் சார். பேரைப் பாருங்க."

அன்று தெபோராளின் குட்டிகள் எல்லோருக்கும் முன்னால் வயிறு முட்டக் குடித்தன.

ஒரு வாரத்தில் காடு மாறிவிட்டது. மாதாயின் கடைசி மகள் முள்ளியர் வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டாள் என்று ஏலோன் கண்டுபிடித்தான். மயில் தன் தோகையைப் பூத்த முள் என்றது. முயலைத் தவிர அத்தனை பேரும் முள்ளியர் ஆனார்கள். எல்லோரும் ஒரே இனம் ஆனதும், வெறுக்க ஆள் இல்லாமல் அலுவலகம் திணறியது. பெனாயா பழைய ஏடுகளைப் புரட்டி, முள்ளியரின் பரம்பரை விரோதிகள் எமோரியர் என்று அறிவித்தான்.

"எமோரியர் யாரு?" என்று கூட்டம் கேட்டது.

"மோர் நிறத்துல இருப்பாங்க."

எல்லோரும் லேயாளைப் பார்த்தார்கள். அவள் காதை மடக்கிக்கொண்டு, "நான் புல்லு திங்கிறவ. எனக்கு யாரோடயும் சண்டை கிடையாது" என்றாள். ஏலோன் கொம்பைத் தாழ்த்தினான்.

தெபோராள் குறுக்கே பாய்ந்தாள். "நிறுத்துங்க! முள்ளியர்னு யாருமே இல்லை. பிள்ளைங்க தாகத்துல கிடந்தாங்க, நானா எழுதினேன். மரப்பட்டையில, என் முள்ளாலேயே எழுதினேன்."

ஏலோனின் கண் கலங்கியது. "என் முன்னோரை என் முன்னாலேயே இல்லைன்னு சொல்றா" என்றான். மயில் அழுதது. யானை ராஜாவே, "உண்மையான முள்ளியருக்கு இப்படிப் பேச நா எழுமா?" என்று கேட்டார்.

பெனாயா பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை அடித்தான். 'தெபோராள் என்பவள் எமோரிய ஸ்திரீ. அவள் பிள்ளையில்லாமல் மரித்தாள்' என்று எழுதினான். பிள்ளைகள் இரண்டும் எதிரே நின்று மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்போ நாங்க யாரும்மா?" என்று சின்னது கேட்டது.

"தாகமா இருக்கிறவங்க. நட."

லேயாளும் சேர்ந்து நால்வரும் வறண்ட ஆற்றுக்குப் போய், இரண்டு நாள் மாறி மாறி மணலைத் தோண்டினார்கள். கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. முதலில் வந்தவர் முதலில் குடித்தார்.

நீதி: பூர்வீகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இட்டுக்கட்டுங்கள். இட்டுக்கட்டியது நான்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூர்வகுடிகளின் மனம் புண்படும்.