மண்டலின்காரருக்குப் பொன்னாடை

ஒலிவாங்கி கையில் கிடைத்தால் எனக்கு விசர் பிடித்துவிடும். இதை நானே ஒப்புக்கொள்வதற்கு ஒரு மனுசி சாக வேண்டியிருந்தது. (நான் கொல்லவில்லை. அவசரப்பட்டுப் பொலிசுக்குப் போன் அடித்துவிடாதேங்கோ.)

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். வேலை நாளில் ஒரு நிமிடம் பிந்தினாலே எனக்கு வியர்க்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் அறிவிப்பாளராக நிற்பேன். ஒருவரை மேடைக்கு அழைக்க அவருடைய பெயரைச் சொன்னால் போதும். நான் அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அடைமொழி போடுவேன்.

யூர்கன் அதே டிப்போவில் பஸ் ஓட்டியவர். சுரங்கத் தொழிலாளியான தகப்பன் விட்டுப்போன மண்டலின் ஒன்று அவரிடம் இருந்தது. (இந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் ஒரு காலத்தில் குழுக் குழுவாக மண்டலின் வாசித்தவர்களாம்.) அதில் அவர் வாசித்தது அமெரிக்க மலைநாட்டுக்காரரின் ப்ளூகிராஸ் இசை, அதிலும் கடவுளைப் பாடும் கோஸ்பல் பாட்டுகள். சொற்கள் முழுக்கச் சாவு, ஆறு, மறுகரை. மெட்டோ, கால் தட்டாமல் கேட்க ஏலாத வேகம். பத்துப் பாட்டுகளைத் தானே எழுதி, நண்பர் ஒருவரின் கராஜில் பதிவுசெய்து இசைத்தட்டாக்கியிருந்தார். ஆனால் நாலு பேருக்கு முன்னால் ஒருநாளும் பாடியதில்லை. அவ்வளவு கூச்சம்.

அவருடைய மனைவி ரெனாத்தேக்கு நுரையீரல் பழுதாகியிருந்தது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஒக்சிசன் போத்தில். மாதக் கணக்கில் பேசிக்கொண்டிருந்த வைத்தியர்கள் வாரக் கணக்குக்கு வந்துவிட்டார்கள். யூர்கன் சனத்துக்கு முன்னால் பாட வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். ரெனாத்தேக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

"இசைத்தட்டுக்கு வெளியீட்டு விழா வைப்போம். மண்டபம், சனம், மேடை எல்லாம் என் பொறுப்பு. நீ மண்டலினை மட்டும் கொண்டு வா" என்று யூர்கனிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "மூன்று மணிக்குத் தொடங்கிவிடுமா? கொண்டு வருகிற போத்தில்கள் ஆறு மணி வரைதான் தாங்கும்."

"ஜெர்மன்காரன் மாதிரிக் கதைக்காதே" என்று சிரித்தேன். (அவர் ஜெர்மன்காரர்தான்.)

மூன்று மணிக்கு மண்டபத்தில் பதினொரு ஜெர்மன்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சனம் நாலேகாலுக்கு வந்தது. சங்கத் தலைவர் அதற்கும் பிறகு வந்தார். தலைவர் இல்லாமல் விளக்கேற்ற ஏலுமோ?

விளக்கு என்றதும் என் மனைவி சாந்தினி பாய்ந்து வந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்பவள். அன்று ரெனாத்தேயின் சக்கர நாற்காலிக்கு அவள்தான் பொறுப்பு.

"ஒக்சிசனுக்குப் பக்கத்தில நெருப்போ? உங்களுக்கென்ன மண்டை பழுதோ?"

"குத்துவிளக்கில்லாமல் விழாவோ?" என்றேன். விளக்கை அகற்றவில்லை. ரெனாத்தேயை அகற்றினேன். முன்வரிசையிலிருந்த அந்த மனுசியைக் கடைசி வரிசைக்கு, கதவடிக்கு அனுப்பிவிட்டு, ஒலிவாங்கியில் "பேரன்பும் பெருமதிப்பும்" என்று தொடங்கினேன். இதை எழுதும்போது எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அதன்பின் அகவணக்கம், வரவேற்புரை, வரவேற்பு நடனம், ஆசியுரை, மூன்று வாழ்த்துரைகள். ஆய்வுரைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்ரர் ஒருவர். இசைத்தட்டை அவர் கேட்டிருக்கவில்லை. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மண்டலின் எங்கள் யாழின் பேரப்பிள்ளை என்று நாற்பது நிமிடம் நிறுவினார். தலைவர் யூர்கனுக்குப் பொன்னாடை போர்த்தினார். செயலாளருக்கு மனம் நோகக்கூடாதென்று அவரும் ஒன்று போர்த்தினார். இரண்டு சால்வைக்குள் கை இரண்டும் அகப்பட்டு, மடியில் மண்டலினோடு, யூர்கன் கதவடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டை நான் ஏற்புரைக்குப் போட்டிருந்தேன். விழா நாயகர் கடைசியில்தானே வர வேண்டும்?

கதவடியிலிருந்து சாந்தினி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கழுத்துப்பட்டி சரிந்துவிட்டதாக்கும் என்று நான் அதைச் சரிசெய்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கைமாறிக் கைமாறி ஒரு கடதாசித் துண்டு மேடைக்கு வந்தது. எங்கள் விழாக்களில் மேடைக்கு வருகிற துண்டெல்லாம் ஒரே ரகம்: "இன்னாருக்கும் பேச ஒரு சந்தர்ப்பம் தரவும்." பிரித்துப் பாராமலே சட்டைப்பையில் வைத்தேன். பிறகு, மற்றவர்கள் பேசியது காணாதென்று, மண்டலினைப் பற்றி நானே ஒரு கவிதை வாசித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதை விட்டுப் போகவில்லை.

"இதோ, ஏற்புரை!" என்று நான் கூவியபோது கடைசி வரிசையில் சக்கர நாற்காலி இல்லை.

யூர்கன் எழுந்தார். சால்வைகளோடு, மண்டலினைத் தூக்கிக்கொண்டு, மேடையால் இறங்கி, சனத்துக்கு நடுவால் வெளியே நடந்தார். நான் சட்டைப்பைக்குள் இருந்த துண்டை அப்போதுதான் பிரித்தேன். சாந்தினியின் எழுத்து. "போத்தில் முடியுது. அவரைப் பாட விடுங்கோ."

ஓடிப்போனேன். வாகனத் தரிப்பிடத்தில் நோயாளர் வண்டி புறப்பட நின்றது. திறந்த கதவுக்குள் குனிந்து யூர்கன் பாடிக்கொண்டிருந்தார். சமையலறை விளக்கை அணைக்காதே, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு பாட்டு. அரைவாசிதான். சாரதி கையைக் காட்டினார். கதவு மூடியது. யூர்கனும் சாந்தினியும் வண்டியோடு போய்விட்டார்கள். உள்ளே சனம் வடையும் தேத்தண்ணியும் எடுக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "பாதியாவது கேட்டாரே" என்று அசடு வழிந்தேன்.

யூர்கன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் பாட்டுகளை அவள் இந்தச் சமையலறையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். பாட்டுக் கேட்க அவள் வரவில்லை. மற்றவர்கள் கேட்பதைப் பார்க்கத்தான் வந்தாள்" என்றார்.

மூன்றாவது வாரம் ரெனாத்தே போய்விட்டார். அடக்கத்துக்கு எங்கள் சனம் அறுபது பேர் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்தார்கள். யாரும் உரையாற்றவில்லை. யூர்கன் பத்துப் பாட்டையும் பாடினார். எங்கள் ஆட்கள் காலைத் தட்டிக்கொண்டே அழுதார்கள். மாஸ்ரர்தான் எல்லாரையும்விடக் கூட அழுதார். பார்க்க வேண்டியவர் மட்டும் பெட்டிக்குள் இருந்தார்.

அந்தத் துண்டைச் சாந்தினி எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டில் நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் மகள் கையில் கிடைத்த கடதாசியைக் கிழித்து என்னிடம் நீட்டுவாள். "அப்பா, துண்டு வந்திருக்கு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன வருடம் அவளுடைய கல்யாணம். வரவேற்பில் தகப்பன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். இரண்டே வார்த்தை என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் எழுந்தேன். இரண்டாவது நிமிடம், கைமாறிக் கைமாறி ஒரு துண்டு வந்தது. சனம் முழுக்கச் சிரித்தது. பேச்சை நிறுத்திவிட்டு உடனே பிரித்தேன். யூர்கனின் எழுத்து. முன்வரிசையில், பக்கத்துக் கதிரையில் மண்டலினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆற அமரப் பேசு. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது" என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார்.

அவர் சிரித்தபடி கையசைத்தார். ஒலிவாங்கியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.