கடைசி இலக்கம் பார்க்கும் மாமா

பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நுழையும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கணக்கைக் கழற்றி வீசும் மனித இனம் ஒன்று உண்டு, வாசகரே. "பாப்பா, அறுநூத்து இருபத்தஞ்சுக்கு வர்க்கமூலம் என்ன?" இதுதான் அவர்களுடைய வணக்கம். பிள்ளை சரியாகச் சொன்னால், "யாரு சொல்லிக் குடுத்தா?" விழித்தால், "இந்தக் காலத்துப் படிப்பே இப்படித்தான்!" எப்படியும் வெற்றி அவர்களுக்கே.

நம் கணக்கு மாமா அந்த இனத்தின் தலைமகன். டைல்ஸ் கடையில் விற்பனையாளர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்க எண் என்பதை அவர் மறக்கவில்லை. வர்க்க எண் எதுவும் இரண்டிலோ மூன்றிலோ ஏழிலோ எட்டிலோ முடியாது என்பதையும் மறக்கவில்லை. மற்ற இலக்கங்களில் முடிவதெல்லாம் வர்க்க எண்ணாகிவிடாது என்று ஆசிரியர் சொன்ன அன்றைக்கு மட்டும், பாவம், லீவு போட்டுவிட்டார். பெருக்கிப் பார்ப்பதா? சேச்சே! கடைசி இலக்கம் போதும், எண்ணின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு பெண்ணின் எதிர்காலம் சிக்கியது. மேல்வகுப்பில் கணிதப் பிரிவுதான் வேண்டும் என்று அக்கா மகள் ஒற்றைக்காலில் நின்றாள். மறுநாள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும். "தம்பி கேட்டுப் பாத்துட்டு சரின்னா, எனக்கும் சரி" என்றுவிட்டாள் அக்கா.

மாமா கனைத்தார். "ஆயிரத்து நூத்து இருபத்தாறு. வர்க்க எண்ணா, இல்லையா?"

"இல்ல மாமா."

"தப்பு! ஆறுல முடியுது பாரு."

"அப்போ அதோட மூலம் என்ன மாமா?"

"கேள்வி கேக்குறது நானா, நீயா?"

அக்கா பெருமூச்சு விட்டாள். "நான்தான் சொன்னேனேடி, உனக்கெதுக்கு இந்தக் கணக்கு?"

பெண்ணின் கண்கள் குளமாயின. ஆனாலும் பதிலை மாற்றவில்லை. ஐயோ, ஒரு ஆறுக்காக ஒரு கனவு கருகுவதா?

மூலத்தையும் சொல்லி ஆணியடித்துவிடலாமே என்று மாமா மனத்துக்குள் கடைச் சரக்கை அடுக்கினார். ஆயிரத்து நூற்று இருபத்தாறு டைல்ஸ், ஒரு சதுரக் கூடம். வரிசைக்கு முப்பத்து மூன்று டைல்ஸாக முப்பத்து மூன்று வரிசை போட்டார், முப்பத்தேழு மிஞ்சியது. முப்பத்து நான்காகப் போட்டார், முப்பது குறைந்தது. மறுபடி அடுக்கினார். பாழாய்ப்போன கூடம் சதுரமாவேனா என்றது. நெற்றி வியர்த்தது. மானமா, மருமகளா?

"என்னடா பேச்சையே காணோம்? வேணாம்னு சொல்லிடவா?"

மாமா துள்ளி எழுந்தார். "யாரு அக்கா வேணாம்னது? மிரட்டுனா பதிலை மாத்துறாளான்னு பாத்தேன். அசைஞ்சாளா பாரு! கணக்குக்கு அந்தப் பிடிவாதம்தான் வேணும். சேத்து விடு!"

"அப்போ அது வர்க்க எண் இல்லன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா மாமா?" கண்ணீரோடு சிரித்தாள் அவள்.

"பின்னே?" என்றார், மின்விசிறியைப் பார்த்தபடி. அது பொய்யென்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

சிரிக்கிறீர்களா? சரி, முப்பத்து நான்கை முப்பத்து நான்கால் நீங்கள் பெருக்கிப் பார்த்தீர்களா? பார்க்காமலே தலையாட்டியிருந்தால், நீங்கள் மாமாவுக்கு நெருங்கிய சொந்தம். பெருக்கிப் பார்த்த கையோடு, இதைக் கேட்க அக்கம்பக்கத்தில் பிள்ளை எதுவும் கிடைக்குமா என்று தேடுகிறீர்களோ?

பிள்ளைகளே, ஓடிவிடுங்கள்!