கெஸ்ட் ரூம் அலமாரியில் மூச்சு விட்டது

கோழை பொய் சொன்னால் வீட்டுக்குள் பேய் வரும். பழமொழி இல்லை, டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டில், என் சொந்த வீட்டில், நானே வரவழைத்து அனுபவித்த உண்மை.

குடிக்காத பையனாக இருக்க வேண்டும். ஷீபாவைக் கட்டிக்கொடுக்க நாகர்கோவில் மாமனார் போட்ட ஒரே நிபந்தனை அது. ("அவங்க தொடவே மாட்டாங்கப்பா" என்று உத்தரவாதம் கொடுத்தவள் ஷீபா.) கல்யாணத்துக்குப் பிறகு ஆபீஸ் நண்பன் ஒருவன், தானே காய்ச்சிய பீரில் ஒரு கிளாஸ் நீட்டினான். எனக்குக் கிறுக்குப் பிடித்தது. டப்பாவில் வரும் பாகைக் கரைத்துக் காய்ச்சுவது எளிது என்றான். அதெல்லாம் நம் கௌரவத்துக்கு ஆகுமா? முளைகட்டிய பார்லியிலிருந்தே தொடங்கினேன்.

ஊரிலிருந்து வந்து டல்லாஸில் மூத்த மகள் வீட்டிலிருந்த மாமனாரை அழைத்துவர ஷீபா போன சனிக்கிழமை, பார்லியை உடைத்து, சூடு ஆறாமலிருக்க ஐஸ்பெட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். இனிப்புத் தண்ணீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி, மூடி போட்ட வாளியைக் கீழ்த்தள கெஸ்ட் ரூம் அலமாரிக்குள் ஒளித்தேன். டெக்சஸ் வெயிலில் சூடேறாத இடம் அது ஒன்றுதான். மாமாவுக்குத்தான் மாடி அறை தயாராக இருந்ததே!

வந்தவர், "மாடி ஏற முட்டு சம்மதிக்காது மாப்ள, கீழயே படுத்துக்கிடுதேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் வெளிறிய முகத்தோடு அறையிலிருந்து வந்தார். "மாப்ள, அலமாரிக்குள்ள யாரோ மூச்சு விடுத மாதிரி இருக்கு."

போய் நின்றேன். குளுக். சற்று நிசப்தம். மறுபடி குளுக். மூடியிலிருந்த சின்னக் குழாய் வழியே காற்று வெளியேறுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது. இருட்டில் ஒரு புளித்த வாடை வேறு.

"பழைய வீடு மாமா, அப்படித்தான்" என்றேன். (கட்டி இரண்டு வருஷம்.)

"பழைய வீடா? அப்ப இன்னைக்கே ஜெபக்கூட்டம் வச்சிருவோம்."

கூட்டத்துக்கு முன் நைசாக உள்ளே போனேன். குழாயைப் பிடுங்கி, ஓட்டையை டேப் சுற்றி அடைத்து, மூடிமேல் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். சத்தம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் அலமாரி முன் முழங்காலிட்டார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பாதி ஜெபத்தில் உள்ளே ஏதோ முனகியது. எதுவோ மெதுவாக முறுகியது. கதவு லேசாக அதிர, ஷீபா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா கையை உயர்த்தி முழங்கினார்: "இயேசுவின் நாமத்தினாலே, வெளியே வா!"

வந்தது.

கதவு படாரென்று திறந்து நுரை, பச்சைச் சகதி, அரிசி மழை. "ஐயோ ஆண்டவரே!" என்று ஒரு ஆன்ட்டி வாசலுக்கு ஓட, எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மாமா மட்டும் அசையவில்லை. மீசையில் வடிந்த நுரையைத் தொட்டு மோந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ஷீபாவுக்கும் புரிந்துவிட்டது; முகத்தில் ஈயாடவில்லை. அவள் கொடுத்த வாக்கை இப்படி நாறடித்துவிட்டேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பிசாசு போயிட்டு! உள்ள வாங்க, ஸ்தோத்திரம் சொல்லுவோம்."

எல்லோரையும்விடச் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னவன் நான்தான். ஷீபா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்றும் ஞாயிறுதோறும் மாமா நாகர்கோவிலிலிருந்து வீடியோ காலில் வருவார். பேத்தியின் படிப்பு, என் வேலை, மழை, வெயில் எல்லாம் விசாரிப்பார். கடைசியில், "சரி மாப்ள, அந்த அலமாரியக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க" என்பார். ஷீபா சிரிப்பை அடக்க, நான் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.