எல்லா மேசையும் பெஞ்சமின் பேரில்

இந்தத் தடவை தன் வாய்க்கு யார் பூட்டுப் போட்டாலும் உடைத்தே தீருவது என்று பெஞ்சமின் தீர்மானம் செய்தார். தீர்மானம் செய்த இடம் தங்கச்சிமடம் கடற்கரை. அப்போது அவர் கையில் இருந்தது சீனி போடாத டீ.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. மற்றவர்களுக்கு அது வருமானம் இல்லாத கஷ்டம். பெஞ்சமினுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம். கடலுக்குப் போகிற நாளில் படகுக்குள் அவர் ராஜா. டீயில் சீனி மணலாகக் கொட்டும். கேபினுக்குள் ஒரு டப்பா நிறையக் கருப்பட்டி இருக்கும். கரையில் இருந்தாலோ மனைவி அற்புதம்மாள் வைப்பதுதான் சாப்பாடு. ராமநாதபுரத்து டாக்டர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், சுகர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அற்புதம்மாள் அதைப் பதினோராவது கட்டளையாக எடுத்துக்கொண்டாள்.

அவள் திட்டினால் பதிலுக்குத் திட்டிவிடலாம். அதற்கும் வழி வைக்கமாட்டாள். கல்யாண வீட்டில் லட்டுப் பக்கம் அவர் கை போனால், "மாதாவே" என்று மெல்லச் சொல்லுவாள். அவ்வளவுதான். கை தானாகத் திரும்பிவிடும்.

மகன் ஜோஸ்வாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. கடலுக்குப் போகாத இந்த நாளில் வந்து பேத்தியோடு இருங்கள் என்று டிக்கெட் போட்டுவிட்டான். அங்கே ஒரு பெரிய தீம் பார்க். அதற்குள்ளேயே ரூம் எடுத்துத் தங்கி, நாலைந்து நாள் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. மருமகள் பிரெசில்லா போனில் விவரம் சொன்னாள். அங்கே பசித்தபோது ஹோட்டலுக்குள் போய் உட்கார முடியாதாம். எந்த நாள், எந்த வேளை, எந்தக் கடை என்று இப்போதே சொல்லி மேசை பிடித்து வைக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டியதுதானாம்.

பெஞ்சமினுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மாசம் புதன்கிழமை மத்தியானம் எனக்கு என்ன தின்னத் தோணும் என்று இப்போது எனக்கே தெரியாதே, அவனுக்கு எப்படிச் சொல்லுவது என்று கேட்டார். பிரெசில்லா கடைகளின் படங்களை அனுப்பி வைத்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு, ஒரு படத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கடையில் சோறே கிடையாது. எல்லாம் இனிப்பு. குன்று மாதிரி கேக். குழாயைத் திறந்துவிட்டதுபோல் வழிகிற சாக்லேட். தேர்த் திருவிழாவுக்குக் கொடி கட்டியதுபோல் கலர் கலராக ஐஸ்கிரீம். உள்ளே நுழைந்துவிட்டால் வயிறு சொல்லுகிறவரை எடுத்துக்கொண்டே இருக்கலாமாம். பெஞ்சமின் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'மாதாவே' காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து அதைத் தின்றுவிடவேண்டும்.

படகுக்காரருக்குப் படகுக்காரர் புத்திதான் வரும். கடலுக்குப் போகவேண்டுமென்றால் மீன்துறையில் டோக்கன் வாங்கவேண்டும். டோக்கன் யார் படகின் பேரில் இருக்கிறதோ அவன்தான் கடலுக்குப் போகலாம். மேசையும் அப்படித்தானே என்று கணக்குப் போட்டார். எல்லா மேசையும் தன் பேரில் இருந்துவிட்டால் எங்கே போவது, யார் யாரோடு போவது என்பதெல்லாம் தன் கையில்.

அற்புதம்மாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தார். ஜெபத்துக்கு நடுவில் அவள் வாக்குவாதம் பண்ணமாட்டாள்.

"அற்புதம், இந்த மேச பிடிக்கிற வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன். ஒனக்கு எதுக்குச் செரமம்?"

ஜெபமாலையில் மணி ஒன்று நகர்ந்தது. "சரிங்க."

"எல்லாம் என் பேர்லதான் இருக்கும்."

"ஒங்க பேர்லதாங்க இருக்கணும்."

இவ்வளவு சுலபமாகப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. துணிந்து அடுத்ததையும் சொன்னார். "கடைசி நாளு ஒரு கடையில கரடி வேசம் போட்டுக்கிட்டு வந்து பிள்ளைகளோட சாப்புடுவாங்களாம். நீயும் பிரெசில்லாவும் பாப்பாவக் கூட்டிக்கிட்டு அங்கன போங்க. நானும் ஜோஸ்வாவும் வேற எங்கனயாச்சும் வயித்த நெரப்பிக்கிறோம். அங்கன ஆம்பளைகளுக்கு எடம் பத்தாதாம்."

"கரடி ஆம்பள இல்லையாங்க?"

பெஞ்சமினுக்கு இருமல் வந்தது. அற்புதம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மணியை நகர்த்திக்கொண்டே, "சரிங்க, போறோம்" என்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "எல்லாக் கடையிலயும் ஒங்க பேரு அவுங்களுக்கு நல்லா வெளங்குறாப்புல இருக்குமா?"

"பின்ன? பிரெசில்லாகிட்ட கொட்ட எழுத்துல போடச் சொல்லியாச்சு."

"அப்பச் சரிங்க" என்று அவள் அடுத்த மங்கள வார்த்தை ஜெபத்துக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் மருமகளுக்குப் போன் போட்டுப் பேத்தியின் சளியைப் பற்றி விசாரித்தாள். பேச்சு நீண்டது. துளசி, மிளகு என்று காதில் விழுந்ததும், பொம்பளைப் பேச்சு நமக்கு எதற்கு என்று பெஞ்சமின் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிட்டார். அந்த நடையை நினைத்து நினைத்து அவர் பின்னால் வருத்தப்பட்டார்.

சிங்கப்பூர் போய் இறங்கி, தீம் பார்க்கில் முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு. வாசலில் இருந்த பெண் பெயர் கேட்டாள். "பெஞ்சமின்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நீளமான வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரரே நேரில் வந்தார். சட்டையில் அருள்முருகன் என்று பேர் குத்தியிருந்தது. நம் ஆள்.

"இங்க மிஸ்டர் பெஞ்சமின் யாருங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். பெஞ்சமின் மனைவியைப் பார்த்து, என் பேரில் போட்டால் என்ன மரியாதை பார்த்தாயா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, கையைத் தூக்கினார்.

"அங்கிள், உங்களுக்குன்னே தனியாச் செஞ்சிருக்கேன்" என்று அவர் ஒரு தட்டை மரியாதையாக வைத்தார். அவித்த கோழி. வெள்ளரிக்காய். ஒரு கைப்பிடி சிவப்பரிசிச் சோறு. "உங்களுக்குச் சுகர்னு வீட்டுல சொல்லியிருந்தாங்க. இங்க ஒரு கடையில சொன்னாப் போதும், எல்லாக் கடைக்கும் தகவல் போயிரும். நீங்க பேர மட்டும் சொல்லுங்க அங்கிள், மிச்சத்த நாங்க பாத்துக்குவோம்."

பெஞ்சமின் மெல்லத் திரும்பினார். அற்புதம்மாள் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலுவை போட்டு முடித்துக் கண்ணைத் திறந்தவள், "நல்ல மரியாதைதாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நாமே எடுத்துச் சாப்பிடுகிற கடை. அங்கே தப்பித்துவிடலாம் என்று நினைத்தார். பேரைச் சொன்னதும் ஒரு வெள்ளைத் தொப்பி கூடவே வந்தது. இடது பக்கம் அல்வா மாதிரி ஏதோ தெரிந்தது. அவர் இடது பக்கம் ஒதுங்கினார். எல்லை தாண்டிய படகைக் கரைக்கு ஓட்டிவருவதுபோல், அந்த ஆள் சிரித்த முகத்தோடு அவரை வலது பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் முட்டைக்கோசுக்கு முன்னால் நிறுத்தினார்.

பேரை மாற்ற முடியுமா என்று பிரெசில்லாவிடம் கேட்டுப் பார்த்தார். "மாமா, ஒண்ணு விடாம ஒங்க பேர்லதான் இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க" என்று அவள் பணிவாகச் சொன்னாள். மாமியார் கையில் வளர்ந்த மருமகள்.

மிச்சம் இருந்தது அந்த இனிப்புக்கடை ஒன்றுதான். கடைசி நாள் பெண்கள் கரடியைப் பார்க்கப் போனதும், பெஞ்சமின் மகனை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏலே ஜோஸ்வா, உள்ள போயிப் பெஞ்சமின் யாருன்னு கேட்டா நீ கையத் தூக்கு. நான் ஜோஸ்வா."

"அய்யா, அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அவ கரடியோட இருக்கா. ஒரு கேக்குதாம்லே. ஒரே ஒண்ணு."

ஜோஸ்வாவுக்கு மனசு இளகிவிட்டது. இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். படத்தில் பார்த்ததைவிட நேரில் இரண்டு பங்கு. சாக்லேட் வழிகிற சத்தம்கூட அவருக்குக் கேட்டது. நாக்கில் ஊறியதை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார். வெள்ளைத் தொப்பி வந்தது. பெஞ்சமின் யார் என்றது. ஜோஸ்வா கையைத் தூக்கினான். சீனி இல்லாமல் அவித்த ஆப்பிளும் ஒரு கிண்ணம் தயிரும் அவன் முன்னால் இறங்கின. பெஞ்சமின் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

"அப்படீன்னா நீங்கதான் மிஸ்டர் ஜோஸ்வா?"

"ஆமா, ஆமா" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் முன்னால் இன்னொரு தட்டு வந்தது. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் அவித்த கீரை. அதற்குத் துணையாக ஓட்ஸ் கஞ்சி. மிஸ்டர் ஜோஸ்வாவுக்குக் கொழுப்பும் பிரஷரும் இருப்பதாக இன்று காலையில்தான் வீட்டில் சொன்னார்கள் என்று வெள்ளைத் தொப்பி பக்குவமாக விளக்கிற்று.

பெஞ்சமின் மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிரெசில்லாவுக்குத் தெரியாம மறச்சு வச்சிருந்தேன். அம்மாகிட்ட மட்டுந்தான்யா சொன்னேன்."

பெஞ்சமின் கஞ்சியில் ஒரு வாய் எடுத்தார். வைத்தார். மகனுடைய ஆப்பிளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, போய்க்கொண்டிருந்த வெள்ளைத் தொப்பியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நாந்தான் பெஞ்சமின்."