கால் சுத்து பாய்

பெண்டாட்டி பிள்ளைகளுக்காக அழுகிறவர்கள் உண்டு. சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு அழுகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டு டீசல் தரையில் சிந்தியதற்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட மனிதர், ஏழு கடலுக்கு இந்தப் பக்கம், ஒரே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் என் வேலையும் சோறும் தூக்கமும் அவர் கையிலிருந்த ஒரு திருப்புளியின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊருக்கு அவர் கால் சுத்து பாய். கால் என்றால் நடக்கிற கால் இல்லை. அரை, முக்கால் என்கிறோமே, அந்தக் கால். எந்த எஞ்ஜினைக் கொண்டுபோனாலும் "இன்னும் ஒரு கால் சுத்து சுத்தினா சரியாப் பூடும்" என்பார். நான் இருந்தவரை எதுவும் சரியாகப் போய் நான் பார்த்ததில்லை.

நான் மெட்ராஸ் இறால் வியாபாரி ஒருவரிடம் கொள்முதல் ஆளாக இருந்தேன். கோட்டைக்குப்பத்திலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் இறால் வாங்கி, ஐஸ் போட்டு, பொன்னேரி ஸ்டேஷனில் காலை ரயிலில் ஏற்ற வேண்டும். அதற்காக முதலாளி ஒரு சின்ன கார் கொடுத்திருந்தார். பெட்ரோலில் ஓடிய பழைய கார். யாரோ அதன் எஞ்ஜினைப் பிடுங்கிவிட்டு வேறெதற்கோ செய்த டீசல் எஞ்ஜினை உள்ளே திணித்திருந்தார்கள். அது கிளம்பினால் பக்கத்துத் தெருவில் நெல் மில்லை ஓட்டிவிட்டார்கள் என்று நினைத்துப் பெண்கள் முறத்தோடு வெளியே வருவார்கள்.

குடிப்பதில் அதை மிஞ்ச ஊரில் ஆளில்லை. முதலாளி ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "பழவேற்காட்லேர்ந்து பொன்னேரி ஸ்டேஷனுக்கு ஒரு லிட்டர்ல வரணும். வரலைன்னா வண்டியை வித்துடறேன். வண்டி இல்லைன்னா அங்கே உனக்கென்ன வேலை?"

அப்படித்தான் நான் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாய் பூவரச மரத்தடியில் இருந்தார். ஒல்லி, கட்டம் போட்ட லுங்கி, ஒரு காது உடைந்துபோய் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. அவர் காரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், மடியிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, புகைக்குழாய்க்கு நேரே பிடித்தார். "ஒரு தபா மிதி சார்" என்றார். மிதித்தேன். கைக்குட்டை கறுத்துவிட்டது. அதை விரித்து, தந்தியைப் படிக்கிறவர்போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் பூட்ச்சி சார்" என்றார்.

"எது பாய்?"

"இத்த புகைன்னு நெனச்சிக்கினு கீறியா நீ? டீசல் சார் இது. வேகாத டீசல். சட்டியில அரிசி போட்டு, வேவறதுக்கு முன்னாடி வாரித் தெருவுல கொட்டுவியா? அத்தான் சார் பண்ணிக்கினு கீற நீ, டெய்லி."

குரல் தழுதழுத்தது. எனக்கே ஏதோ கொலை செய்துவிட்டதுபோல இருந்தது.

எஞ்ஜினுக்கு டீசலை அளந்து ஊட்ட ஒரு பம்பு இருக்கும். அதிகம் ஊட்டாமல் தடுக்க அதில் ஒரு திருகு. அதை யாரும் தொடக் கூடாது என்று கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்திருப்பார்கள். பாய் பிஸ்மில்லா சொல்லி அந்தக் கம்பியை நறுக்கினார். திருப்புளியின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்ஜினில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திருகைக் கால் சுத்து உள்ளே விட்டார்.

கறுப்புப் புகை நின்றது. அதோடு வண்டியின் உயிரும் பாதி நின்றது.

மறுநாள் நான் பொன்னேரிக்குப் போகும்போது மீன்கூடை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் பக்கத்திலேயே வந்து, தன் மூத்த மகள் கல்யாணத்தை முழுவதும் சொல்லி முடித்தார். திருப்பாலைவனம் வந்ததும் "நேரமாவுது, நான் முன்னாடி போறேன்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்து பாயிடம் புலம்பினேன். அவர் என்னைவிட அதிகமாகப் புலம்பினார். "எங்க தாத்தனுக்குத் தாத்தன் கப்பல் வெச்சிருந்தாரு சார். காத்துல ஓடிச்சி. ஒரு சொட்டு எண்ணெ கெடையாது. நாம இன்னாடான்னா இத்த ஊத்தி ஊத்தி எரிக்கிறோம். நாளிக்கு இது தீந்துபூடும். அப்பால எல்லாரும் நடக்கணும்."

"இப்பவே நடக்கறதுதான் பாய் வேகமா இருக்கு."

"கரீட்டு" என்றார், சோகமாக. "இன்னும் ஒரு கால் சுத்து சுத்திப் பாக்கறேன்."

இந்த மனிதரைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கோட்டைக்குப்பத்தில் அவர் ஒரு படகு எஞ்ஜினுக்குக் கால் சுத்து வைத்து, படகு போகும்போது நன்றாகப் போய், திரும்பும்போது எதிர்காற்றில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மோட்டார் போட்ட படகைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தவர்கள், அதன் பிறகு பாய் தூரத்தில் வந்தாலே எஞ்ஜின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் ஒருவர் உட்கார்ந்துகொள்வார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் மதியம் அவரைத் தேடிப் போனேன். அவர் மனைவி, ஊரே பாயம்மா என்று கூப்பிடுகிற அம்மாள், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் உக்காரு தம்பி, சோறு ஆவட்டும்."

"மணி மூணு ஆகுதேம்மா?"

"இதுக்கும் கால் சுத்து வெச்சிட்டாரு தம்பி. காலீல வெச்ச ஒலை. இன்னும் வெரல வுட்டா சுடல."

பிறகு சோதனைகள் தொடங்கின. பாய் ஒரு லிட்டர் பிடிக்கும் சர்பத் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தப் பாட்டிலிலிருந்து டீசல் நேராகப் பம்புக்குப் போகும்படி ரப்பர் குழாய் போட்டார். மீந்தது திரும்பிவர இன்னொரு குழாய். தீரும்வரை ஓட்டுவது; எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு.

முதல் தடவை ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. நான் இறங்கி, "டீசல் எடுங்க பாய், ஊத்திட்டுத் திரும்பலாம்" என்றேன்.

"டீசல் ஏது சார்?"

"கொண்டு வரலையா?"

"இன்னா சார் நீ, படிச்சவன். கேன்ல டீசல் எட்தாந்தா, அந்த வெயிட்டையும் சேத்து இல்ல வண்டி இஸ்க்கணும்? அப்பால கணக்கு தப்பாப் பூடாது?"

நடந்தோம். அடுத்த சோதனை திருப்பாலைவனம்வரை. அங்கிருந்தும் நடந்தோம். அந்தச் சாலையில் நான் நடந்து களைத்து, அடியில் உட்காராத பனைமரம் கிடையாது. வெயிட்டைக் குறைக்க வேண்டும் என்று பாய் பின்சீட்டைக் கழற்றினார், ஸ்டெப்னியைக் கழற்றினார், பின்கதவு இரண்டையும் கழற்றினார். கழற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நாஷ்டாவுக்கு எத்தினி இட்லி துண்ணுவ?"

"ஆறு."

"நாலாக்கிக்க."

சிரிக்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் நாலாக்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு சோதனையில் பொன்னேரி தெரிகிற இடத்தில் போய் நின்றது. பாய் அங்கேயே சாலையோரம் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். "தெரியுது சார்! கண்ணுக்குத் தெரியுது! போவ முடில!" அவர் அழுவதைப் பார்த்து ஒரு பஸ் நின்று, யாருக்கு அடிபட்டது என்று கேட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளி தானே வந்து பார்ப்பதாகக் கடிதம் போட்டார். கரையெல்லாம் பார்த்துவிட்டு, இறால் ஏற்றுகிற காலை ரயிலிலேயே திரும்பிவிடுவார். பொன்னேரிவரை காரில் வருவார். ஒரு லிட்டர்.

முதலாளி கனத்த சரீரம். அவரைப் பார்த்ததும் பாயின் முகம் செத்துவிட்டது. "இது ரெண்டு எறாப் பெட்டிக்கு மேல ஆவும் சார்" என்று என் காதில் சொன்னார். விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பினோம். முதலாளி முன்னால். பின்னால் சீட் இருந்த இடத்தில் ஐஸ் சொட்டுகிற பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் பாய், பாட்டிலைக் கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு. நல்லவேளை, காற்று பின்னாலிருந்து அடித்தது.

"மிதிப்பா, ரயிலுக்கு நேரமாகுது" என்றார் முதலாளி.

"மிதிக்காத சார்! மிதிச்சா எல்லாம் பூடும்!" என்றார் பாய்.

நான் மிதிக்கவும் இல்லை, விடவும் இல்லை. பாதி வழி தாண்டியது. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. முதல் தடவையாக எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் முதலாளி நெளிய ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா."

"நிறுத்தாத சார்!" என்று பாய் அலறினார். "நின்ன வண்டிய மறுபடி கெளப்ப எவ்ளோ டீசல் ஆவும் தெரியுமா? ஐயா, கோச்சிக்காதீங்க. வண்டி மெதுவாத்தான் போவுது. அப்டியே எறங்கி, போயிட்டு வந்து ஏறிக்கோங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். அவசரம் அவரைப் பேச விடவில்லை. வண்டி போன வேகத்துக்கு அவர் கதவைத் திறந்து, கால் ஊன்றி, சாதாரணமாக இறங்கிப் பனைமரத்துப் பக்கம் போனார்.

நாங்கள் இருவருமே ஒன்றை யோசிக்கவில்லை. அவர் இறங்கியதும் வண்டிக்கு உயிர் வந்துவிட்டது.

"சார்! பாத்தியா சார்! பறக்குது!" பாயின் குரலில் அதுவரை நான் கேட்டிராத மகிழ்ச்சி. கண்ணாடியில் பார்த்தேன். முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார். வர வரச் சிறுத்துக்கொண்டே இருந்தார்.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிரேக்கின்மேல் கால் போனது. "வோணாம் சார், உன் வேலைக்குத்தான் சார் சொல்றேன்!" என்று பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. நிறுத்தினால் லிட்டர் போகும், நிறுத்தாவிட்டால் முதலாளி போவார். இதை நான் யோசித்து முடிப்பதற்குள் பின்னால் பஸ் வந்தது. முதலாளி கைகாட்டி ஏறிக்கொண்டார். பஸ் எங்களைத் தாண்டியபோது ஜன்னலோரத்தில் அவர் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

ஸ்டேஷன் வாசலில் கடைசி மிடறு தீர்ந்து வண்டி நின்றது. ஒரு லிட்டர். சரியாக ஒரு லிட்டர். உள்ளே ரயில் நகர ஆரம்பித்திருந்தது. பாய் காலிப் பாட்டிலை உருவிக்கொண்டு, குழாய் தொங்கத் தொங்க, பிளாட்பாரத்தில் ரயிலோடு ஓடினார். "ஐயா! ஒரு லிட்டர் ஐயா! ஒரே லிட்டரு!"

முதலாளி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார். இறால் அன்றைக்கு ரயில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வண்டியை விற்க ஆள் வருவார், நீயும் மாதக் கடைசியோடு நின்றுகொள். நான் அதைப் பாயிடம் படித்துக் காட்டினேன். வழக்கமாகக் கண் கலங்கும் மனிதர், அன்று திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் மரத்தடியில் ஆளைக் காணோம்.

அதற்கடுத்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. இட்லியை மட்டும் மறுபடி ஆறாக்கிக்கொண்டேன், இறங்கத்தான் இல்லை. அப்போது முதலாளியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது.

"உன் மெக்கானிக் என் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். தப்பு எல்லாம் தன்னுடையது, சாருடையது இல்லை என்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடவில்லை, போகச் சொன்னால் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அழுகிறார். வருகிற வியாபாரிகள் எல்லாம் வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரிக்கிறார்கள். நீ வேலையில் இரு. இறால் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரி ரயிலுக்குக் கொண்டுபோ. வண்டி கிடையாது. அந்த மனிதரை இனிமேல் மெட்ராஸ் பக்கம் அனுப்பாதே."

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். பாய் யாருடைய பம்பையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பாய் போயிட்டீங்க, நாலு நாளா காணோம்?"

"மெட்ராஸுக்கு சார். நாசில் ஒண்ணு வாங்க வேண்டியிருந்திச்சி. பேஜாரு புட்ச்ச ஊரு சார்."

நாசில் என்பது எஞ்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஒரு சின்ன முனை. பொன்னேரியிலேயே கிடைக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கிடைச்சுதா பாய்?" என்று கேட்டேன்.

"கெட்ச்சிது சார்" என்றார், பம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.